மாற்றுப் பக்கத்தில் நிற்கும் பேக்: வாசகர் கேள்வி பதில்

சென்னையிலும் மதுரையிலும் ஜூனியர் உலகக் கோப்பை நடந்ததிலிருந்து ஹாக்கி பற்றி எழுதிக் கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். எனக்கு இது பெரிய சந்தோஷம். இந்த முறை வந்த கேள்விகளில் பல ஒரே இடத்தைத்தான் சுற்றுகின்றன: ‘பேக்’ என்கிற தடுப்பாட்டக்காரர் தன் கைக்கு ஒவ்வாத பக்கத்தில் நின்று ஆடுவது. அதனால் அவற்றையே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: என் மகள் குடும்பம் பிரான்சில் கிரெனோபிள் நகரத்தில் இருக்கிறது. பேரனுக்கு 13 வயது, ஐஸ் ஹாக்கி ஆடுகிறான், தடுப்பாட்டக்காரன். எழுதுவது, சாப்பிடுவது எல்லாம் வலது கைதான், ஆனால் ஹாக்கியில் அவனை ‘லெஃப்ட் ஷாட்’ என்கிறார்கள். இத்தனை நாள் இடது பக்கம் நின்றவனை இந்த வருஷம் கோச் வலது பக்கத்துக்கு மாற்றிவிட்டார். போனில் பேசும்போதெல்லாம் அழாத குறை. தன் கைக்கு ஒவ்வாத பக்கத்தில் நின்று ஒரு பிள்ளை நன்றாக ஆட முடியுமா? இது ஏதாவது தண்டனையா?
- வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: தண்டனை இல்லை அம்மா. முதலில் அந்தக் கவலையை இறக்கி வையுங்கள். முடியுமா என்றால் முடியும், நன்றாகவே முடியும். ஆனால் கை பழகுவதற்கு முன்னால் கால் பழக வேண்டும், அதற்கு ஒரு சீசன் பிடிக்கும்.

அந்த ‘லெஃப்ட் ஷாட்’ குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். வீட்டில் நீளக் கம்பு வைத்த துடைப்பம் இருந்தால் எடுத்துப் பிடித்துப் பாருங்கள். வலது கை மேல் நுனியில், இடது கை கீழே. இப்போது துடைப்பத்தின் முனை உங்கள் உடம்புக்கு இடது பக்கம் போய் நிற்கும். அதுதான் லெஃப்ட் ஷாட். கீழே இருக்கிற கை எதுவோ அதை வைத்துத்தான் பெயர், எழுதுகிற கையை வைத்து இல்லை. வலது கைக்காரப் பிள்ளைகள் நிறையப் பேர் இப்படித்தான் பிடிக்கிறார்கள், ஏனென்றால் மட்டையைத் திருப்பி ஆளுகிற வேலை மேல் கைக்கு, கெட்டிக்காரக் கை அங்கே இருந்தால் நல்லது.

சரி, லெஃப்ட் ஷாட் ஆட்டக்காரன் வலது பக்கம் போனால் என்ன கஷ்டம்? ஐஸ் அரங்கை நம் மைதானம் மாதிரி நினைத்துக்கொண்டால் இது புரியாது. நம் ஹாக்கியில் பந்து கோட்டைத் தாண்டினால் வெளியே போய்விட்டது, விசில், முடிந்தது. அங்கே சுற்றிலும் பலகைச் சுவர். ‘பக்’ என்கிற ரப்பர் வட்டு, 170 கிராம் கனம்வரை இருக்கும், அந்தச் சுவரை ஒட்டி வழுக்கிக்கொண்டு வரும், மோதித் திரும்பி வரும். வலது பக்கம் நிற்கும் தடுப்பாட்டக்காரனுக்குச் சுவர் அவனுடைய வலது தோளுக்குப் பக்கத்தில். ஆனால் உங்கள் பேரனின் மட்டை முனை இருப்பது இடது பக்கம். ஆக, சுவரோடு ஓடி வருகிற பக்கை அவன் மட்டையின் பின்புறத்தால், அவர்கள் பேக்ஹேண்ட் என்பார்கள், அதால் நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் உடம்பையே சுவர்ப்பக்கம் திருப்ப வேண்டும். எதிரணிப் பகுதி தொடங்குகிற நீலக்கோட்டில் நின்று இதைச் செய்யும்போது பக் தவறிப் பின்னால் போனால் எதிராளி தனியாகக் கோல்கீப்பரை நோக்கிப் போய்விடுவான். உங்கள் பேரன் போனில் அழுவது இந்த ஒரு காட்சிக்காகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன், அடுத்த தடவை கேட்டுப் பாருங்கள்.

இன்னொரு தொல்லை, தன் கோலுக்குப் பின்னால் மூலையில் போய்ப் பக்கை எடுத்து வருவது. எடுத்து முன்னால் திரும்பியதும் சுவரோரமாகத் தன் விங்கருக்கு, அதாவது ஓரத்தில் நிற்கும் முன்கள ஆட்டக்காரனுக்கு, தள்ள வேண்டும், அதுவும் பேக்ஹேண்டில். சொந்தப் பக்கத்தில் நிற்பவனுக்குப் பக் சுவர்ப்பக்கம் இருக்கும், உடம்பே அதற்கு மறைப்பாகிவிடும். மாற்றுப் பக்கத்தில் நிற்பவனுக்குப் பக் நடு அரங்கைப் பார்த்து, எதிராளி கைக்கு எட்டுகிற மாதிரி இருக்கும். அதனால் அவன் ஒரு நொடி முன்னாலேயே முடிவெடுத்தாக வேண்டும்.

இனி லாபக் கணக்கு. இடதுபுறத் தோழன் குறுக்கே அனுப்பும் பாஸ் நேராக உங்கள் பேரனின் மட்டை முகத்துக்கே வரும், நிறுத்தாமல் வந்த வேகத்தில் அப்படியே அடிக்கலாம். சொந்தப் பக்கத்தில் நிற்பவனுக்கு இந்த வசதி இல்லை, அந்தப் பாஸ் அவன் உடம்பைக் கடந்து போய்த்தான் மட்டைக்குச் சேரும். அடிக்கிற இடமும் ஒரு மட்டை நீளம் கோலின் நடுவை நோக்கி நகர்ந்துவிடுகிறது. தற்காப்பிலும் ஒரு நன்மை உண்டு: எதிராளி ஓரத்திலிருந்து உள்ளே வெட்டி வர நினைத்தால் அங்கே இவன் மட்டை முனை ஏற்கெனவே காத்திருக்கும்.

உதாரணம் வேண்டுமென்றால் பாபி ஆர். வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கான என்.எச்.எல்.லில் பாஸ்டன் புரூயின்ஸ் அணிக்கு ஆடியவர். லெஃப்ட் ஷாட், நின்றது வலது பக்கம். சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான நோரிஸ் கோப்பையைத் தொடர்ந்து 8 முறை வாங்கினார், தடுப்பாட்டக்காரராக இருந்துகொண்டே லீக் முழுவதிலும் அதிகப் புள்ளிகளை (கோலும், கோலுக்கு உதவிய பாஸும் சேர்த்து) 2 சீசன்களில் எடுத்தார். ‘அவர் பிறவி மேதை, எல்லாருக்கும் வருமா’ என்று கேட்பீர்கள், நியாயம்தான். அப்படியானால் ஸ்வீடனின் நிக்லாஸ் யால்மர்சனைப் பாருங்கள். கோல் அடித்துப் பேர் வாங்கியவர் இல்லை, எதிராளியின் ஷாட்டுக்கு முன்னால் போய் விழுந்து தடுக்கிற உழைப்பாளி. அவரும் லெஃப்ட் ஷாட், ஜோடி ஜானி ஒடூயாவும் லெஃப்ட் ஷாட், யால்மர்சன் வலது பக்கம் நின்றார், அந்த ஜோடியோடு சிகாகோ அணி 2013லும் 2015லும் அந்த லீக்கின் ஸ்டான்லி கோப்பையை எடுத்தது. இப்போது டல்லாஸ் அணியின் மிரோ ஹெய்ஸ்கனனும் லெஃப்ட் ஷாட்தான், வலது பக்கத்தில் நிறைய ஆடுகிறார்.

எதிர்வாதமும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. 2014 சோச்சி ஒலிம்பிக்ஸுக்குக் கனடா அணி போனபோது பயிற்சியாளர் மைக் பாப்காக் ஒவ்வொரு பக்கத்துக்கும் அதற்கேற்ற கைக்காரர்தான் வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். 4 லெஃப்ட் ஷாட், 4 ரைட் ஷாட், மொத்தம் 8 தடுப்பாட்டக்காரர்கள். 6 ஆட்டத்தில் வாங்கிய கோல் 3 மட்டும், தங்கம். இறுதி ஆட்டத்தில் 3-0 என்று தோற்ற ஸ்வீடன் அணியின் 8 தடுப்பாட்டக்காரர்களில் எரிக் கார்ல்சன் ஒருவர்தான் ரைட் ஷாட். ஆனால் இதை வைத்து ‘மாற்றுப் பக்கம் உதவாது’ என்று நான் சொல்ல மாட்டேன். அதே ஸ்வீடன், லெஃப்ட் ஷாட் ஆட்டக்காரர்கள் சிலரை மாற்றுப் பக்கத்தில் நிறுத்தித்தான் இறுதி ஆட்டம் வரைக்கும் வந்தது. உலகத்தில் லெஃப்ட் ஷாட் தடுப்பாட்டக்காரர்கள்தான் அதிகம், ரைட் ஷாட்டுக்குப் பஞ்சம், யாராவது ஒருவர் பக்கம் மாறித்தான் ஆக வேண்டும். யாரை மாற்றுவார்கள்? தடுமாறாமல் யோசிக்கிறவனை, நன்றாகச் சறுக்குகிறவனை. உங்கள் பேரனின் கோச் அவனை அப்படி நினைத்திருக்கலாம்.

பேரனிடம் ஒன்று சொல்லுங்கள். தினமும் பயிற்சி முடிந்த பிறகு 10 நிமிஷம், சுவரை ஒட்டி வருகிற பக்கை பேக்ஹேண்டில் நிறுத்துவது மட்டும். அதோடு பக் வந்து சேருவதற்கு முன்பே தோளுக்கு மேல் ஒரு தடவை பின்னால் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். பக் வந்த பிறகு பார்த்தால் நேரம் கடந்துவிடும். பயிற்சியை யாராவது போனில் படம் எடுத்து அனுப்பினால், பக்கைப் பார்க்காதீர்கள், அவன் இரண்டு பாதமும் எந்தத் திசையில் இருக்கின்றன என்று பாருங்கள். மாதத்துக்கு மாதம் அந்தப் பாதங்கள் சீக்கிரம் திரும்ப ஆரம்பிப்பது உங்களுக்கே தெரியும்.

கேள்வி: மூன்று வருஷமாக ரைட் பேக் ஆடுகிறேன். இந்த சீசன் எங்கள் கல்லூரி அணியில் என்னை லெஃப்ட் பேக் ஆக்கிவிட்டார்கள். இரண்டு ஆட்டத்திலும் எதிரணி ரைட் விங்கர் என்னை வெளிப்பக்கமாகத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தான். நம் ஹாக்கியில்தான் எல்லாருக்கும் ஒரே மாதிரி மட்டையாச்சே, பக்கம் மாறினால் ஏன் இவ்வளவு திண்டாட்டம் சார்?
- வாசகர், திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

பதில்: தம்பி, எல்லாருக்கும் ஒரே மட்டை என்பதால்தான் திண்டாட்டம். மேலே அந்த அம்மாவுக்குச் சொன்னதைப் படித்துவிட்டு வா. நம் ஆட்டத்தில் எல்லாரும் இடது கையை மேலே, வலது கையை கீழே வைத்துத்தான் பிடிக்கிறோம், மட்டையின் தட்டை முகம் இடதுபுறம் மட்டும்தான். ஐஸ் ஹாக்கிக் கணக்கில் சொன்னால் நாம் 11 பேருமே ரைட் ஷாட். அப்படியானால் உலகத்தில் எந்த ஹாக்கி அணியை எடுத்தாலும் அதன் லெஃப்ட் பேக் மாற்றுப் பக்கத்தில்தான் நிற்கிறார். அங்கே சில பேருக்கு வருகிற பிரச்சினை இங்கே அந்த இடத்தில் யார் நின்றாலும் வருகிறது. லெஃப்ட் பேக் கிடைப்பது ஏன் குதிரைக்கொம்பாக இருக்கிறது என்று எந்த பி.டி. மாஸ்டரை வேண்டுமானாலும் கேள், இதைத்தான் சொல்வார்.

நீ ரைட் பேக்காக நின்றபோது சைடு லைன் உன் வலது பக்கம் இருந்தது. விங்கரை ஓரத்துக்குத் தள்ளினால் அவன் உன் ஃபோர்ஹேண்டுக்கே, அதாவது மட்டை இருக்கிற வலது பக்கத்துக்கே, வந்து சேருவான், கோட்டையும் உன் கூட்டாளி ஆக்கிக்கொண்டாய். இப்போது கோடு உன் இடது பக்கம். வருகிற ரைட் விங்கர் பந்தைத் தன் வலது பக்கத்தில், அதாவது உன் இடது பக்கத்தில், கோட்டை ஒட்டி வைத்துக்கொண்டு ஓடி வருகிறான். நீ பழைய பழக்கத்தில் அவனை வெளியே தள்ளுகிறாய், பந்து உன் ரிவர்ஸ் பக்கம் போகிறது, ஒற்றைக் கையால் மட்டையைத் திருப்பிக் குத்திப் பார்க்கிறாய், அதற்குள் அவன் போய்விட்டான். சரியா?

எனக்கும் இது நடந்தது. பள்ளிக்கூட நாளில் நான் ரைட் ஹாஃப், நடுக்களத்தில் வலது பக்கம். ஒருநாள் மஞ்சக்குப்பம் மைதானத்தில் ஆட்டம், எங்கள் லெஃப்ட் பேக்குக்குக் காய்ச்சல், என்னைப் பின்னால் தள்ளினார்கள். அரை மணி நேரத்துக்குள் அந்த விங்கர் என்னை மூன்று தடவை வெளியே தாண்டினான், மூன்றில் இரண்டு கோல். மறுநாள் விடியக்காலையில் எங்கள் மாஸ்டர் என்னை தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு வரச் சொன்னார். மட்டையோடு போனேன். அலை வந்து திரும்பிய ஈர மணலில் என்னை நிறுத்தினார், எதிரே அவரே பந்தை உருட்டிக்கொண்டு வந்தார், தாண்டிப் போனார். திட்டவில்லை. “திரும்பி உன் காலடியப் பாரு” என்றார். ஈர மணலில் அச்சு வார்த்தது போலக் கிடந்தது. வலது பாதம் ஒரு சாண் முன்னால், இடது பாதம் பின்னால், கட்டை விரல் ரெண்டும் கடலைப் பார்த்துச் சாய்ந்திருக்க, எனக்கு இடதுபுறம் முழுக்கத் திறந்து கிடந்தது. “அவன் தாண்டலடா, நீதான் வழி விட்டுட்ட.” அப்புறம் இடது பாதத்தை முன்னால் வைக்கச் சொன்னார், அரை அடி இடதுபுறம் தள்ளி நிற்கச் சொன்னார். இப்போது வெளி வழி அடைபட்டது, அவர் உள்ளே வந்தார், பந்து தானாக என் ஃபோர்ஹேண்டுக்கு வந்தது. ஒவ்வொரு அலையும் அச்சை அழித்துவிட்டுப் போகும், மறுபடி நிற்பேன். வெயில் ஏறும்வரைக்கும் அதுதான். 40 வருஷம் ஆகிறது, என்னிடம் வரும் பிள்ளைகளுக்கு இன்றைக்கும் நான் அந்த ஈர மணலில்தான் சொல்லித் தருகிறேன்.

‘உள்ளே விட்டால் கோலுக்கு நேராக வந்துவிடுவானே’ என்பாய். ஆமாம், வருவான். அதனால்தான் லெஃப்ட் பேக் தனியாக ஆடுகிற இடம் கிடையாது. உன் சென்டர் ஹாஃப்போ கூட நிற்கிற இன்னொரு பேக்கோ உனக்கு வலதுபுறம் பின்னால் நான்கைந்து அடியில் நிற்க வேண்டும், நீ வாய்விட்டுச் சொல்ல வேண்டும், “உள்ள வர்றான்” என்று. ஊமையாக நிற்கும் லெஃப்ட் பேக் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் தோற்பான். பின்னால் அப்படி ஒரு துணை ஆள், அதுதான் கவர், இல்லாத நேரத்தில் டாக்கிளுக்கே, அதாவது பந்தைப் பறிக்கவே, போகாதே, பின்வாங்கிக்கொண்டே வந்து அவன் வேகத்தைக் குறை, ஆள் வரட்டும்.

பந்தை வெளியே எடுப்பதும் மாறுகிறது. வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் அடிப்பது நம் பிடிக்கு இயல்பு, உடம்போடு இழுத்து அடிப்போம். லெஃப்ட் பேக் ஆட்டத்தை வலப்பக்கம் மாற்ற வேண்டுமானால் பந்தைச் சுற்றி வந்து இடது தோளை அந்தத் திசைக்குக் காட்ட வேண்டும். இதற்கு இரண்டு எட்டு கூடுதலாக ஆகும். அந்த இரண்டு எட்டைப் பந்து உன்னிடம் உருண்டு வரும்போதே வைத்துவிடு. மைதானத்தில் இரண்டு செருப்பை ஆறடி இடைவெளியில் போட்டு, அதுதான் கேட், இடது மூலையிலிருந்து அந்தக் கேட் வழியாக வலப்பக்கம் தள்ளிப் பழகு. நாளுக்கு 50 தடவை.

ரிவர்ஸ் டாக்கிளைப் பழக வேண்டாம் என்று சொல்லவில்லை, கட்டாயம் பழகு. ஆனால் மண் தரையில் பழகுகிற நம் பிள்ளைகளுக்குப் பந்து கடைசி நொடியில் துள்ளிவிடுகிறது, மட்டையைத் திருப்பிப் பிடிக்கும்போது படுகிற பரப்பும் சின்னது. டர்ஃபில், அதாவது செயற்கைப் புல்தரையில், பந்து சொன்னபடி கேட்கும். டர்ஃப் கிடைக்காத பிள்ளைகளை ‘ரிவர்ஸ் சரியில்லை’ என்று தேர்வில் கழிக்கிறார்கள், ஒவ்வொரு வருஷமும் பார்க்கிறேன், எனக்கு மனசு ஆறவில்லை. பழகத் தரை கொடுத்துவிட்டு அப்புறம் கழிக்கட்டும்.

கேள்வி: கைக்கு ஒவ்வாத பக்கத்தில் நிற்பதை ஆஃப் சைடு, ஆஃப் சைடு என்கிறார்களே, இது அந்தப் பழைய ஆஃப் சைடு விதியா?
- வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: இல்லை, பெயர்தான் ஒன்று. முன்கூட்டியே எதிரணிப் பகுதிக்குள் போய்க் காத்து நிற்கக் கூடாது என்று விதியாக இருந்த ஆஃப் சைடை நம் ஹாக்கியிலிருந்து 1990களின் பிற்பகுதியில் எடுத்துவிட்டார்கள். ஐஸ் ஹாக்கியில் நீலக்கோட்டை வைத்து இன்னும் இருக்கிறது. இங்கே நாம் பேசுவது கைக்கு ஒவ்வாத பக்கம் பற்றி. அதனால்தான் ‘மாற்றுப் பக்கம்’ என்றே எழுதுகிறேன்.

கேள்வி: பழக்கமில்லாத இடத்தில் நின்று தடுத்ததற்கு நம் இந்திய அணியில் உதாரணம் சொல்லுங்களேன்.
- வாசகர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸ், காலிறுதி, எதிரணி கிரேட் பிரிட்டன். 17வது நிமிடத்தில் பேக் அமித் ரோஹிதாஸுக்கு ரெட் கார்டு. 40 நிமிடத்துக்கு மேல் மீதி, நம்மிடம் 10 பேர். பெனால்டி கார்னரில் முதல் ஆளாகப் பாய்ந்து தடுப்பவரும் ரோஹிதாஸ்தான், அந்த வேலையும் யார் தலையிலாவது விழ வேண்டும். நடுக்களத்தில் ஆடுகிற மன்பிரீத் சிங் பின்னால் இறங்கி பேக் இடத்தில் நின்றார். ஹர்மன்பிரீத் கோல் போட்டார், அவர்கள் ஒன்று திருப்பிப் போட்டார்கள், 1-1. ஷூட் அவுட்டில் 4-2 என்று ஜெயித்தோம். கோல்கீப்பர் ஸ்ரீஜேஷைப் பற்றித்தான் மறுநாள் எல்லாரும் பேசினார்கள், பேச வேண்டியதுதான். ஆனால் அந்த ஆட்டத்தைத் திரும்பப் பார்க்கக் கிடைத்தால் மன்பிரீத்தை மட்டும் பாருங்கள். அவசரப்பட்டு மட்டையை நீட்டவே மாட்டார். வழியை மறித்து நிற்பார், கையைக் காட்டிக் காட்டி மற்றவர்களை நிறுத்துவார். இடம் புதுசு என்றால் எப்படி ஆட வேண்டும் என்பதற்கு அந்த 40 நிமிடம் போதும்.

கேள்வி: என் மகளுக்கு 9 வயது, எல்லாவற்றுக்கும் இடது கை. ஹாக்கி ஆட ஆசைப்படுகிறாள். இடது கைக்காரர் மட்டை எந்தக் கடையிலும் இல்லை என்கிறார்கள். ஆட்டத்திலிருந்தே நிறுத்திவிடலாமா என்று யோசிக்கிறேன்.
- வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: நிறுத்தவே நிறுத்தாதீர்கள். கடைக்காரர் சொன்னது உண்மை, விதிப்படி நம் ஹாக்கியில் இடது கை மட்டை கிடையாது. ஆனால் மட்டையின் மேல் நுனியைப் பிடிப்பது இடது கை, மட்டையைத் திருப்புவது, ரிவர்ஸுக்குக் கொண்டுபோவது, ஒற்றைக் கையால் நீட்டிக் குத்துவது எல்லாம் அந்தக் கையின் வேலை. வலது கைக்காரப் பிள்ளைகள் மாதக்கணக்கில் இடது மணிக்கட்டைப் பழக்கிக்கொண்டு கிடக்கும்போது உங்கள் மகளுக்கு அது பிறவியிலேயே இருக்கிறது. முதல் சில வாரம் அடிக்கும்போது வலது கை சோர்வாக இருக்கும், தள்ளிப் பாஸ் கொடுப்பதிலிருந்து ஆரம்பிக்கட்டும், ஓங்கி அடிப்பது பிறகு. கொஞ்சம் வளர்ந்ததும் லெஃப்ட் பேக் இடத்தில் நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். மேலே அந்தத் தம்பி திண்டாடுகிற இடமே அவளுக்குப் பிடித்துப்போகலாம்.

மட்டை வாங்கப் போகும்போது அவளையும் கூட்டிக்கொண்டு போங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு நேராக நிற்கச் சொல்லி, மட்டையைத் தரையில் ஊன்றிப் பக்கத்தில் வையுங்கள். மேல் நுனி இடுப்பெலும்புக்கு வந்தால் போதும். வளர்கிற பிள்ளைதானே என்று நீளமாக வாங்கிவிடாதீர்கள், அது அவள் முதுகை நிமிர்த்திவிடும், ஹாக்கியில் முதுகு குனிந்தே இருக்க வேண்டும்.